பனிக்கோட்டை விருந்து: மார்கழி இரவுக்கு என்ன சமைக்கலாம்?

கேள்வி: கற்பனை உலகத்துப் பனிக்கோட்டை மாதிரி ஒரு விருந்து, 10 பேருக்கு. எல்லாம் யாழ்ப்பாணச் சாமானில செய்யவேணும். நடுவில எதை வைக்கலாம்?

பதில்: ஒடியல் கூழ்தான் (ஒடியல் எண்டால் காயவிட்ட பனங்கிழங்கு), பெரிய கொப்பரையோட அப்பிடியே மேசையில வையுங்கோ. ஒடியல் மா 250 கிராமை ஊறவிட்டு, மேலே தெளியிற தண்ணியை இரண்டு தரம் வடியுங்கோ, இல்லாட்டிக் கைக்கும். மரவள்ளி, பலாக்கொட்டையை மூடாமல் முதலில அவியுங்கோ. பிறகு பயித்தங்காய், நண்டு, மீன். இறால் பிந்தித்தான், முந்திப் போட்டால் இறுகிப்போகும். அரைச்ச செத்தல் மிளகாய், பழப்புளி, மாக்கரைசல் கடைசியில. கை விடாமல் துழாவுங்கோ, நிண்டால் கட்டிபடும்.

கேள்வி: சைவக்காரரும் வருகினம்.

இன்னொரு பதில்: நண்டு, மீன் போட முன்னமே அவையின்ர பங்கை வேற சட்டிக்கு மாத்துங்கோ, முருங்கையிலை கூடப் போடலாம். குடிக்கக் கோப்பை வேண்டாம், பனையோலையை மடிச்சுப் பிளா கோலுங்கோ.