ஜீன் வாட்சன் சொல்கிற பராமரிப்பு நைற் டியூட்டியில் நடக்குமா?

கொக்குவில் மாணவி:
தாதியர் படிப்பு, இரண்டாம் வருடம். அடுத்த கிழமை அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ஜீன் வாட்சனின் மனிதப் பராமரிப்புக் கோட்பாட்டைப் பற்றி வகுப்பில் கதைக்க வேண்டும். 1979இல் புத்தகம் வந்தது, அதில் பராமரிப்புக்கான பத்துக் காரணிகள், பிறகு அவற்றையே கரிட்டாஸ் (அன்பு) செயல்முறைகள் என்று விரித்து எழுதினார் என்பதெல்லாம் பாடமாக்கியாச்சு. பிரச்சினை அதில்லை. போன கிழமை பயிற்சிக்கு நின்ற வாட்டில் இரவுக்கு இரண்டே இரண்டு மிஸ்ஸிமார், கட்டில் எல்லாம் நிறைந்து நிலத்திலும் பாய் போட்டுக் கிடக்கிறார்கள், ஆறு மணி மருந்து கொடுத்து முடிய ஏழரை. இதற்குள் நோயாளியோடு டிரான்ஸ்பெர்சனல் உறவு, அதாவது மனதை மனம் தொடுகிற உறவு, எங்கே வரும்? யாராவது எழும்பிக் கேட்டால் என்ன சொல்ல?

பழைய மிஸ்ஸி:
தங்கச்சி, அந்த உறவு வருகிற நிமிடத்தை, பராமரிப்புத் தருணம் என்று அவர் சொல்வது தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கிற வேலை இல்லை. எப்படியும் கனூலா (நரம்பில் மருந்து ஏற்றுகிற குழாய்) போடத்தானே போகிறீர், அதற்குள்ளேதான் அது. ஒரு ஆச்சி, நரம்பெல்லாம் வற்றிப்போய், ஏற்கனவே இரண்டு பேர் குத்திப் பிழைத்துப்போய், கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு தரமாட்டேன் என்று இருந்தா. தட்டை வைத்துவிட்டு "ஆச்சி எந்த ஊர்?" என்றேன். நெடுந்தீவாம். வள்ளத்தில் சத்தி எடுத்த கதையைத் தொடங்கினா, கையும் தானாக வெளியே வந்தது. கதை குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர முதல் ஊசி ஏறிவிட்டது. தாதியும் நோயாளியும் தங்கள் தங்கள் வாழ்க்கையைச் சுமந்துகொண்டுதான் அந்த நிமிடத்துக்குள் வருகிறார்கள் என்று வாட்சன் எழுதுவதை நாங்கள் ஊர் கேட்டே தொடங்கிவிடுகிறோம்.

ஆனால் ஐந்தாவது காரணியில் நாங்கள் பெயில். நல்ல உணர்வோ கெட்ட உணர்வோ, நோயாளி அதை வெளியில் சொல்ல இடம்விட வேண்டும் என்கிறது அது. நாங்களோ கண் கலங்கினவுடனே "அழாதேங்கோ அம்மா, ஒன்றுமில்லை" என்று வாயை அடைத்துவிடுவோம். நானும் கனகாலம் அதைத்தான் செய்தேன், ஆறுதல் சொல்கிறேன் என்ற நினைப்பில்.

திரைச்சீலை:
அக்கா சொல்வது சரி, ஆனாலும் எனக்கு இதில் ஒரு எரிச்சல் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையைக் கேட்டால் "அன்பாக நடந்துகொள்ளுங்கள்" என்று பதில் வரும், கோட்பாட்டை அதற்கு ஒரு சாட்டாக்கிவிடுவார்கள். நான் ஆண் தாதி, எட்டு வருடம். எட்டாவது காரணியை வடிவாக வாசியும் தங்கச்சி: நோயாளியைச் சுற்றியிருக்கிற சூழல் உடலுக்கும் மனதுக்கும் பாதுகாப்பாக, ஆதரவாக இருக்க வேண்டும் என்கிறது. மறைப்பில்லாமல் ஒரு மனிசிக்கு பெட்பான் வைக்கிற வாட்டில் நான் எவ்வளவு இனிமையாகக் கதைத்தும் என்ன? திரை வாங்கித் தருவது நிர்வாகத்தின் வேலை. ஒன்பதாவதில் சாப்பாடு, தண்ணீர், மலசலம், மூச்சு என்று அடிப்படைத் தேவைகளையும் வைத்திருக்கிறார். ஆக இது சிரித்த முகம் பற்றிய பாடம் மட்டும் இல்லை. மூன்றாவதில் தாதி தன் உணர்வையும் உணர வேண்டும் என்கிறாரே, இரண்டு ஷிப்ற் சேர்த்துச் செய்தவனுக்கு பசியும் நித்திரையும்தான் உணர்வு.

உரும்பிராய்:
நான் தாதி இல்லை. அப்பா ஒரு மாதம் வாட்டில் இருந்தவர். எல்லாருக்கும் அவர் பதினாலாம் கட்டில். ஒரு பெடியன் மட்டும், பயிற்சிக்கு வந்தவன் போல, "மாஸ்ரர், குளிசை" என்பான். அவன் கொடுத்தால்தான் துப்பாமல் விழுங்குவார்.

கொக்குவில் மாணவி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, நெடுந்தீவு ஆச்சியைச் சொல்லட்டுமா? ஊரை மாற்றிவிடுகிறேன்.

பழைய மிஸ்ஸி:
பெயர் சொல்லவில்லைத்தானே, சொல்லும். ஊரை மாற்றினால் வள்ளம் எப்படி வரும்? தம்பியின் திரைச்சீலையையும் விட்டுவிடாதேயும், கேள்வி அதில்தான் வரும்.