புதுப்பிப்பு: அண்ணனின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்

போன மாதம் அண்ணனின் ரத்தப் பரிசோதனையைப் போட்டு, "மொத்தக் கொலஸ்ட்ரால் 194, நார்மல்தானே?" என்று கேட்டிருந்தேன். வயது 46, சர்க்கரை வந்து ஆறு வருடம், காசிமேட்டில் வேலை. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) 290, அதிகம்; எச்டிஎல் ('நல்ல' கொலஸ்ட்ரால்) 32, குறைவு. அந்த இரண்டையும் கவனிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ராயபுரத்தில் டாக்டரைப் பார்த்தோம். மொத்தம் 194-லிருந்து எச்டிஎல் 32-ஐக் கழித்தார்: நல்லது போக மீதி 162. சர்க்கரை உள்ளவருக்கு இது 130-க்குள் இருக்க வேண்டுமாம். அப்புறம் கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன். திரையில் சாம்பல் கோடாகத் தெரிந்த சுவரில் ஓரிடம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது. அடைப்பு இல்லை, ஆனால் கொழுப்பு படியத் தொடங்கிவிட்டது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்று ஒருநாளும் சொல்லாத மனிதர்!

குழாய்ச் சுவரில் தேங்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோவது எச்டிஎல். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் டிரைகிளிசரைடை அதிகமாக வெளியே தள்ளுகிறது. அது எச்டிஎல், எல்டிஎல் ('கெட்ட' கொலஸ்ட்ரால்) துகள்களுக்குள் புகுந்து, பதிலுக்கு அவற்றின் கொலஸ்ட்ராலை வெளியே அனுப்புகிறது. இதனால் எச்டிஎல் சிறுத்துச் சீக்கிரம் அழிகிறது. எல்டிஎல் பொடிப்பொடியாகிச் சுவருக்குள் எளிதாக நுழைகிறது. எல்டிஎல் 104 என்று ரிப்போர்ட்டில் சாதுவாகத் தெரிந்ததன் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

எச்டிஎல்லை ஏற்ற மாத்திரை உண்டா என்று கேட்டேன். அந்த எண்ணை மட்டும் ஏற்றுவதால் மாரடைப்பு குறைவதில்லை என்றார்.

சரி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கியாயிற்று. பீடியை விட்டு 19 நாள். ஞாயிற்றுக்கிழமை வறுத்த வஞ்சிரத்துக்குப் பதில் அண்ணி சங்கரா மீன் குழம்பு வைக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. எண்களை இங்கேயே போடுகிறேன்.