பழைய துண்டறிக்கை, வானொலிப் பதிவு யாரிடமாவது இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். டர்பனிலிருந்து எழுதுறேன். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்து மூத்தவங்க கொஞ்சம் பாருங்க.

நிறவெறி ஆட்சிக் காலத்துச் சண்டையை அரசும் எதிர்த்தரப்பும் தங்கள் அறிக்கைகளில் எப்படிச் சொன்னார்கள் என்று ஒரு கட்டுரை எழுதிக்கிட்டிருக்கேன். உதாரணத்துக்கு 1978 மே 4, அங்கோலாவின் கசிங்காவில் நடந்த தாக்குதல் ஒன்றே போதும். ராணுவத் தளத்தை அடித்தோம் என்றது தென்னாப்பிரிக்க அரசு. அகதி முகாமில் நடந்த படுகொலை என்றது நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போ. ஒரே நாள், ஒரே இடம்!

போத்தா அரசு நாட்டின் மீது 'முழுத் தாக்குதல்' நடப்பதாகச் சொல்லியே எல்லாவற்றுக்கும் நியாயம் தேடியது. மறுபக்கமும் சளைத்ததில்லை. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் (ஏஎன்சி) ஆயுதப் பிரிவான எம்கே தன் முதல் அறிக்கையை வெளியிட்ட நாள் 1961 டிசம்பர் 16. வெள்ளையர் ஜூலுக்களை வென்ற 1838 ரத்த ஆற்றுப் போர் வெற்றியைக் கொண்டாடிய அதே நாள். 1980இல் ஏஎன்சி தலைவர் ஆலிவர் டாம்போ, போர்விதிகளைச் சொல்லும் ஜெனீவா உடன்படிக்கைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்டார். அரசு பயங்கரவாதிகள் என்றவர்கள் போர்விதி பேசினார்கள். கெட்டிக்கார நகர்வு என்றுதான் எனக்குப் படுது.

அரசு தரப்புப் பேச்சுகள் ஓரளவு கிடைச்சிருச்சு. எனக்கு வேண்டியது மறுபக்கம்: ஏஎன்சியின் வானொலியான ரேடியோ ஃப்ரீடத்தின் ஒலிப்பதிவு, எண்பதுகளில் நம்ம வீடுகளுக்கு வந்த துண்டறிக்கைகள். பரணில் கிடந்தா படம் எடுத்து அனுப்புங்க, மூலம் உங்களிடமே இருக்கட்டும். பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுதுலி ஆவணக் காப்பகத்தில் வெளியாள் படம் எடுக்க விடுவாங்களா? போய் வந்தவங்க சொல்லுங்க.