கரோலின் ஹெர்ஷல் பற்றிப் பேச வேண்டும், கொஞ்சம் கைகொடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் தெரு நூலகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானியலாளர் கரோலின் ஹெர்ஷல் பற்றி அரை மணி நேரம் பேசுகிறேன்.

1750இல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தவர். சிறுவயதில் வந்த டைஃபஸ் காய்ச்சலால் உயரம் நாலேகால் அடியோடு நின்றுவிட்டது. வானியலாளரான அண்ணன் வில்லியம் தொலைநோக்கிக்கான கண்ணாடி தேய்க்கும்போது கையெடுக்க முடியாது. இவர்தான் சோறூட்டுவதுபோல வாயில் ஊட்டுவாராம். 1783 டிசம்பர் 31 இரவு, பனியில் ஓடி விழுந்து தொடையில் இரும்புக் கொக்கி ஏறிவிட்டது. (இதைச் சொன்னால் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள்!) 1786இல் தன் முதல் வால்மீனைக் கண்டுபிடித்தார், மொத்தம் எட்டு. 1787இல் இங்கிலாந்து அரசர் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். 1828இல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம். வாய்ப்பாடு மட்டும் கடைசிவரை மனதில் நிற்கவில்லை, தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம் என்ன, எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, உதவி இதுதான். வானத்தில் மங்கலான முகில்போலத் தெரியும் நெபுலாவுக்கு 'ஒண்முகில்' என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியுமா, 'நெபுலா' என்றே விடலாமா? கரோலின் வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவித் தேடியதை வகுப்பறையில் எப்படிச் செய்து காட்டலாம்? டார்ச்சும் கறுப்புத் துணியும் இருக்கின்றன. ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்களேன். ஒரு மாலைக்குச் சின்னத் தொலைநோக்கி இரவல் கிடைத்தாலும் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.