2017 லப்டொப்: திருத்துறதோ, புதுசு எடுக்கிறதோ?

சுன்னாகத்தான்: இன்ரெல் ஐ5 7ஆம் தலைமுறை புரொசசர், 4 ஜிபி றாம், 1 டிபி ஹாட் டிஸ்க். திறந்து வேலை தொடங்க 7 நிமிசம். பற்றறி அரை மணித்தியாலம் தாங்காது. இடதுபக்கப் பிணைச்சலும் வெடிச்சுக் கிடக்கு. ரவுணில ஒரு கடையில புதுசு எடுக்கச் சொல்லீனம்.

பனங்கொட்டை: டாஸ்க் மனேஜரில டிஸ்க் வரியைப் பாருங்கோ. சும்மா கிடக்கேக்கையே 100% எண்டால் இழுக்கிறது ஹாட் டிஸ்க்தான், புரொசசர் இல்லை. அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி (சுழலுற தட்டில்லாத வேகமான டிஸ்க்) போடுங்கோ: 2.5 அங்குல சாட்டா வகை, 256 ஜிபி போதும். றாம் வாங்க முதல் அடிமூடியைக் கழட்டி றாம் செருகிற சொக்கற் காலியோ எண்டு பாருங்கோ. சிலதில றாம் மதர்போர்டோடையே ஒட்டியிருக்கும். பழைய டிஸ்கில பழுது செக்ரர் (வாசிக்கேலாத பகுதி) இருந்தால் க்ளோன் பண்ணாதேங்கோ, அதாவது முழுசா அப்பிடியே நகலெடுக்காதேங்கோ. கோப்புகளை மட்டும் எடுத்திட்டு விண்டோசைப் புதுசாப் போடுங்கோ.

வல்லைவெளி: முதல்ல பிணைச்சலைத் திருத்துங்கோ. இறுகின பிணைச்சல் பிளாஸ்ரிக்கில பதிச்ச பித்தளை நட்டைப் பிடுங்கும், பிறகு டிஸ்ப்ளே வயரும் போகும். டச்பாட் மேல எழும்பியிருந்தால் பற்றறி ஊதியிருக்கு: சார்ஜ் போடாதேங்கோ, குத்தவும் வேண்டாம்.

நடுமுற்றம்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 கேக்கிறது இன்ரெல் 8ஆம் தலைமுறை, உங்கடை 7ஆம் தலைமுறை. பிள்ளையளின்ர படிப்புக்கெண்டால் விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் எண்ட இலவச இயங்குதளம் காணும். எஸ்எஸ்டி காசு வீணாகாது, பிறகு யூஎஸ்பி கேசுக்குள்ள போட்டுப் பாவிக்கலாம். மதர்போர்ட் பழுதெண்டால் மட்டும் காசைக் கொட்டாதேங்கோ.

சுன்னாகத்தான்: 100% தான் நிக்குது. ஒரு சொக்கற் காலி.

பனங்கொட்டை: அப்ப 8 ஜிபி றாம் ஒண்டு. உள்ள இருக்கிற றாம் டிடிஆர்4 வகையெண்டால் டிடிஆர்3 பொருந்தாது, லேபிளைப் பாத்து எடுங்கோ.