மகள் கல்யாணத்துக்குள் இந்த மைக் கருப்பிலிருந்து வெளியே வர வழி உண்டா?

மாயவரத்து டீச்சர்

வணக்கம். எனக்கு 53 வயது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பத்து வருடமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரைக்குப் பாக்கெட் சாயப்பொடியைக் கரைத்து, தலைமுடியில் வேரிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டு வருகிறேன். போன மாதம் நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்ததும் மனம் விட்டுப்போயிற்று. பக்கத்தில் நிற்கும் என் தங்கைக்கு முடி முடியாகத் தெரிகிறது. எனக்கோ நெற்றியில் மையைக் கவிழ்த்த மாதிரி ஒரே கருப்பு. முகம் அதற்குக் கீழே வாடிக் கிடக்கிறது.

சரி, பார்லருக்கே போய்ப் பார்ப்போம் என்று போனேன். "பர்கண்டி போடுங்க மேடம், எல்லோரும் அதுதான் போடுறாங்க" என்றார்கள், அடர்சிவப்புச் சாயம். போட்டேன். இப்போது வகிட்டின் இரு பக்கமும் ஒரு விரல்கடை அகலத்துக்குப் பீட்ரூட் நிறம், அதற்குக் கீழே பழைய கருப்பு அப்படியே. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் கவனிப்பது தெரிகிறது. கொண்டை போட்டு, பூவை முன்னால் இழுத்துவிட்டு மறைக்கிறேன்.

இளமையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. என் முடி மாதிரி இருந்தால் போதும். சின்ன வயதில் வெயிலில் நின்றால் லேசாகப் பழுப்படிக்கும், "எண்ணெய் வைடி" என்று அம்மா திட்டுவார். அந்த நிறம் கிடைக்குமா? பார்லரில் என்ன சொல்லிக் கேட்பது? ஏதோ எண் சொல்கிறார்களே, அது என்ன? எங்கள் வீட்டில் போர் தண்ணீர், வாளியெல்லாம் காவி படியும். ஐப்பசியில் காவிரித் துலாக்கட்டத்தில் முழுக்குக்கும் போவேன். இதெல்லாம் சாயத்தைக் கெடுக்குமா?

தஞ்சாவூர் மேலவீதி

டீச்சர், நான் நான்கு வருடம் முன்பு சாயத்தை விட்டுவிட்டேன். என் மகன் கல்யாணத்தில் முழு நரையோடுதான் மணமேடையில் நின்றேன். அரக்குப் பட்டுக்கு வெள்ளை முடி அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் பாதி வளர்ந்து பாதி கருப்பாக இருந்த அந்த ஒன்றரை வருடம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். தைக்குள் அது முடியாது. கல்யாணம் முடிந்தபின் இந்த வழியையும் யோசியுங்கள்.

கும்பகோணம் பார்லர் அக்கா

டீச்சர், 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்களை மாதிரி வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பீட்ரூட் ஏன் வந்தது என்று சொல்கிறேன். கருமுடியின் மேல் பர்கண்டி போட்டால் அடியில் இருக்கும் கருப்பு அதை அடக்கி வைக்கும். நரையில் அடக்க ஒன்றும் இல்லை, வெள்ளைத் துணியில் சாயம் ஏறுகிற மாதிரி பளிச்சென்று ஏறிவிடும். அதனால் நரை அதிகம் இருப்பவர்களுக்குச் சிவப்பு ஷேடைத் தனியாகப் போடக் கூடாது, இயற்கை வரிசை நிறத்தைப் பாதியாவது கலக்க வேண்டும். கீழே கருப்பு மாறாததற்கும் காரணம் உண்டு. சாயம் சாயத்தை வெளுக்காது. ஏற்கெனவே கருப்பேறிய முடியில் எந்தப் பழுப்பைத் தடவினாலும் கருப்புதான் தெரியும்.

எண் விஷயம். ட்யூபில் 4.3, 3.0 என்று போட்டிருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ளது ஆழம். 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த பொன்னிறம். புள்ளிக்குப் பின்னால் உள்ளது சாயல். பெரும்பாலான கம்பெனிகளில் 0 இயற்கை, 1 ஆஷ், 3 பொன். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் ஷேட் கார்டில் ஒட்டியிருக்கும் முடிக்கொத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். எங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பது முக்கியம். பார்லர் ட்யூப்லைட்டில் எல்லா நிறமும் ஏமாற்றும். நான் கஸ்டமரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், பகல் வெளிச்சத்தில்தான் காட்டுவேன்.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் பிடரியே சொல்லும். அங்கே நரை கடைசியாகத்தான் வரும். சாயம் படாத புதுமுடி கொஞ்சம் வளர்ந்திருந்தால் அதை வெயிலில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் முடியைக் கருப்பு என்கிறோமே தவிர, அது மைக் கருப்பு இல்லை. வெயிலில் ஓர் ஆழ்ந்த பழுப்பு இருக்கும். அம்மா திட்டினாரே, அதேதான். என் கணக்கில் உங்களுக்கு 3.0, அதாவது இயற்கையான அடர்பழுப்பு. அதில் ஆஷ் கொஞ்சம் கலக்கச் சொல்லுங்கள். ஆஷ் என்பது சாம்பல் சாயல், செம்பட்டை தெரியாமல் அடக்கும். நம் முடியை எப்படி வெளுத்தாலும் அடியிலிருந்து செம்பட்டைதான் எட்டிப்பார்க்கும். சாயத்தைப் பிடிக்கவைக்கக் கூடக் கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம் போதும், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு. சீக்கிரம் பிடிக்கும் என்று 30 போடுவார்கள், விடாதீர்கள். அது உங்கள் கருமுடியை வெளுத்துவிட்டு நரையோடு சேராமல் நிற்கும்.

இனி நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. வேரில் மட்டும் போடச் சொல்லுங்கள். மாதத்துக்கு முடி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டருக்காக மற்ற முடி முழுவதையும் திரும்பத் திரும்பச் சாயத்தில் முக்கினால், நுனிமுடி எத்தனையோ தடவை சாயம் குடித்திருக்கும். உங்கள் போட்டோவில் தெரிகிற மை அதுதான். நிஜமான முடி வேரில் ஒரு நிறம், நுனியில் ஒரு நிறம், காதோரத்தில் இன்னொரு நிறம். நெற்றி ஓரத்துப் பூனைமுடியில் பிரஷ்ஷே படக் கூடாது. அங்கே சாயம் ஏறினால் கோடு கிழித்த மாதிரி இருக்கும், என்ன ஷேட் போட்டாலும் பொய்யாகத் தெரியும்.

கீழே உள்ள கருப்பை இப்போது ப்ளீச் செய்து எடுக்க வேண்டாம். சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு பட்டதும் சூடேறி முடி பொசுங்கிவிடும். சீப்பில் வரும் முடியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள், கலந்ததை அதில் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் தொடட்டும். நுனியில் நான்கு விரல்கடை வெட்டினாலே மிக அடர்ந்த கருப்பு போய்விடும். பின்னலுக்கு அது தெரியாது, சவுரி வைக்கத்தானே போகிறீர்கள்.

தண்ணீருக்கு: வாளியில் காவி படிந்தால் அது இரும்பு. முடியிலும் படியும், சாயத்தை மங்கலாக்கும். கடைசி இரண்டு சொம்பு மட்டுமாவது கொள்ளிடம் குடிநீரில் அலசுங்கள். ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகத்துக்கு முழுக்குப் போட்டு வந்தபின் சாயத்தை வைத்துக்கொள்ளுங்கள். போட்டால் மூன்று நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது.

திருவாரூர் மருமகள்

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். என் மாமியார் 15 வருடம் ஒரே சாயம் போட்டவர். ஒன்றும் ஆகவில்லை. போன சித்திரையில் திடீரென்று நெற்றி கொப்பளித்து, இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கிவிட்டது. பாரா ஃபினைலீன் டயமின் என்ற பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் தோல் மருத்துவர். பி.பி.டி. என்று டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும். இத்தனை நாள் ஒத்துக்கொண்டது நாளைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. அமோனியா இல்லை என்று எழுதியிருந்தாலும் பி.பி.டி. இருக்கலாம், கருப்பு மருதாணி என்று விற்பதிலும் இருக்கலாம். அதனால் டீச்சர், புது ஷேடைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு தடவி 48 மணி நேரம் பாருங்கள். கல்யாண வாரத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள்.

மாமியார் இப்போது மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரி இலைப்பொடியும்தான். முதல் நாள் மருதாணி, நரை ஆரஞ்சாகிவிடும். அலசிவிட்டு மறுநாள் அவுரிப்பொடியை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு உடனே தடவ வேண்டும், ஆறப்போட்டால் பிடிக்காது. முதலில் கொஞ்சம் பச்சையாகத் தெரியும், இரண்டு நாளில் கருப்பு கலந்த அடர்பழுப்பாகும். அரைநாள் வேலை, ஆனால் நிறம் அவ்வளவு இயல்பு.

மாயவரத்து டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. அவுரி எனக்கு இப்போது துணிச்சல் இல்லை, ஏற்கெனவே இரண்டு சாயம் தலையில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அக்கா, அந்தப் பழைய பார்லருக்கே போகட்டுமா?

கும்பகோணம் பார்லர் அக்கா

யாரிடம் போனாலும் சரி. போனதும் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை சதவீதம் நரை என்று அவர்கள் முடியைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு முன் என்ன போட்டீர்கள் என்று அவர்களாகவே கேட்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஷேட் கார்டை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாயவரத்து டீச்சர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கடைமுகம் முடிந்து நான்காம் நாள் போனேன், வேறு பார்லர். சின்னப் பெண்தான், ஆனால் உட்கார்ந்ததுமே பிடரி முடியைத் தூக்கிப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி என்னம்மா போட்டீங்க?" என்றாள். அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. காதுக்குப் பின்னால் தடவிவிட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள். சீப்பு முடியில் போட்டுக் காட்டினாள், பொசுங்கவில்லை. பிறகு 3.0, ஆஷ் கொஞ்சம், வேரில் மட்டும், 40 நிமிடம். நுனியில் நான்கு விரல்கடை வெட்டியாயிற்று.

முதல் நாள் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, காசு வீணோ என்று நினைத்தேன். மறுநாள் காலை கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தபோது மகள் பின்னாலிருந்து, "அம்மா, பாட்டி முடி மாதிரியே இருக்கு" என்றாள். அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கீழ்ப்பகுதி இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது, பின்னினால் தெரியவில்லை. அக்கா, முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்னால் வேரைத் தொடலாம்?

கும்பகோணம் பார்லர் அக்கா

ஏழு நாள் டீச்சர். நெற்றியில் ஒட்டிய கறை போய், நிறம் அடங்கி நிற்க அவ்வளவு வேண்டும். அதே பெண்ணிடம் போங்கள், அதே ட்யூப், அதே அளவு. அவள் எழுதி வைத்திருக்கிறாளா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.