குளுகோர் கொண்டோ வாடகை: பிஇ பாரத்தில் காட்ட வேண்டுமா? அவசரம்

கடலோரம்: வணக்கம். மலேசியாவில், பினாங்கு குளுகோரில் இருக்கும் கொண்டோவை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்த வாரத்துக்குள் பிஇ பாரம் (தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கான வருமான வரிப் பாரம்) அனுப்ப வேண்டும். வாடகை மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது, பேங்க் தவணை 1,650 போகிறது. மெயின்டனன்ஸ், சுக்காய் பிந்து (நகராட்சி வீட்டு வரி) கட்டியதும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அப்படியானால் வாடகையைக் காட்டவே வேண்டாம்தானே? ஏஜெண்ட் கமிஷன், புது ஏர்கான் கழிக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி: தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு? வீடு உங்கள் பெயரில் மட்டுமா? இவர்தான் முதல் வாடகைக்காரரா? ஏர்கான் பழையதை மாற்றினீர்களா, இல்லாத இடத்தில் புதிதாகப் போட்டீர்களா? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

பாயான்_பையன்: கவலை வேண்டாம். வாடகை 2,000 வெள்ளிக்குள் இருந்தால் பாதிக்கு வரி விலக்கு உண்டு.

கணக்குப்புலி: அந்த 50% விலக்கு 2018 வரி ஆண்டோடு முடிந்துவிட்டது. தேடிப் படிக்காமல் பதில் போடுவதால்தான் ஆட்கள் ஹாசிலில் (வருமான வரி வாரியத்தில்) மாட்டுகிறார்கள். அடிப்படை தெரியாதவர்கள் வீடு வாங்குமுன் ஒரு கணக்காளரைப் பார்க்க வேண்டும். கடனில் வட்டி மட்டும்தான் கழியும், அசல் கழியாது.

ஜெலுத்தோங்_அக்கா: தம்பி, தெரிந்ததைப் பொறுமையாகச் சொன்னால் எல்லோருக்கும் உதவும். கடலோரம், வாடகையைக் காட்டாமல் விடாதீர்கள். சுக்காய் பிந்து, சுக்காய் தானா (நில வரி), மெயின்டனன்ஸ், தீ காப்புறுதி, ரிப்பேர் செலவு எல்லாம் கழியும். முதல் வாடகைக்காரரைப் பிடிக்கக் கொடுத்த கமிஷன், முதல் அக்ரிமெண்ட் செலவு கழியாது. அடுத்தவர் வரும்போது கொடுக்கும் கமிஷன் கழியும். இல்லாத இடத்தில் போட்ட ஏர்கான் மூலதனச் செலவு, அதுவும் கழியாது. சர்வீஸ் பண்ணிய பில் கழியும்.

பாயான்_பையன்: செலவு கூடி நட்டமானால் சம்பளத்தில் கழிக்கலாமே?

செந்தூல்வாசி: முடியாது. சாதாரண வாடகை வருமான வரிச் சட்டத்தின் 4(டி) பிரிவு வருமானம், தொழில் வருமானம் அல்ல. அதில் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

பட்டர்வொர்த்_ராஜா: இடையில் ஒரு கேள்வி. என் வாடகைக்காரர் மூன்று மாதமாகக் காசு தரவில்லை. கரண்டை வெட்டிப் பூட்டை மாற்றலாமா?

பாயான்_பையன்: தாராளமாக மாற்றுங்கள், வீடு உங்களுடையது. வெளியே போனால்தான் புத்தி வரும்.

கணக்குப்புலி: தவறு. 1950 ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவைப் பாருங்கள். நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்றக் கூடாது.

பாயான்_பையன்: கோர்ட்டுக்குப் போய் வருவதற்குள் அவன் இன்னும் எத்தனை மாதம் சும்மா இருப்பான்? கடன் கட்டுகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஜெலுத்தோங்_அக்கா: வலி எல்லோருக்கும் உண்டு. பூட்டை மாற்றினால் அவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார். ராஜா, முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 1951 டிஸ்ட்ரெஸ் சட்டப்படி 12 மாதம் வரையிலான பாக்கிக்கு நீதிமன்றம் மூலம் பொருள்களை ஜப்தி செய்யக் கேட்கலாம். அக்ரிமெண்டுக்கு ஸ்டாம்ப் (முத்திரை வரி) அடித்தீர்களா?

பட்டர்வொர்த்_ராஜா: இல்லை. தெரிந்தவர் என்பதால் விட்டுவிட்டோம்.

ஜெலுத்தோங்_அக்கா: ஸ்டாம்ப் இல்லாத அக்ரிமெண்டை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. தாமத அபராதம் கட்டியாவது உடனே அடியுங்கள்.

கடலோரம்: பேங்க் ஸ்டேட்மெண்ட் பார்த்தேன், ஆண்டு வட்டி 13,200. மெயின்டனன்ஸ் 3,000, மற்றது 700. முதல் வாடகைக்காரர்தான், ஏர்கான் புதிது. வீட்டில் பாதி மனைவி பெயரில் இருக்கிறது.

செந்தூல்வாசி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வாடகை 21,600, செலவு 16,900, மீதி 4,700. ஆளுக்குப் பாதிப் பங்கு என்பதால் நீங்கள் 2,350, மனைவி 2,350 என்று அவரவர் பாரத்தில் காட்டுங்கள். ஏப்ரல் 30 தான் கெடு, இ-ஃபைலிங்குக்கு வழக்கமாக மே 15 வரை விடுவார்கள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கடலோரம்: இரண்டு பாரமும் அனுப்பியாச்சு. நன்றி அக்கா, நன்றி செந்தூல்.

பட்டர்வொர்த்_ராஜா: அக்கா, ஸ்டாம்ப் அடிக்க வாடகைக்காரர் கையெழுத்து மறுபடியும் வேண்டுமா?